பாமாவின் ‘சங்கதி’யில் பாட்டி: வெள்ளையம்மாவின் சொல்லும் வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

பாமாவின் ‘சங்கதி’ 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் இடம்பெறும் வெள்ளையம்மா என்னும் பாட்டி, பேத்தியின் எதிர்ப்புக்குரலுக்கு மறுபுறம் நிற்கும் பழைய தலைமுறையின் குரலாகவே பெரிதும் வாசிக்கப்படத்தக்க பாத்திரம். ஆண்களை எதிர்க்க இயலாது என்று பேத்திக்கு அறிவுறுத்துபவர் அவர். ஆனால் கணவனால் கைவிடப்பட்டு, தாலியைத் தாமே கழற்றி விற்று, இரு பெண்மக்களைத் தனியாக வளர்த்தவரும் அவரே. அவர் சொல்வதற்கும் அவர் வாழ்ந்ததற்கும் இடையிலான இடைவெளியே இப்பாத்திரத்தின் மையம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மனைவி, தாய், பாட்டி என்னும் மூன்று நிலைகளில் அவ்வாழ்வு ஆராயப்படுகிறது. கிறித்தவத் திருமணத்தின் முறிவின்மை பற்றிய திருச்சபைச் சட்டமும் 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டமும் பின்புலமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாமா, சங்கதி, கருக்கு, தலித் கிறித்தவப் பெண்கள், தாலி, மணமுறிவு, வாய்மொழி மரபு.

முன்னுரை

கிறித்தவப் பெண்ணின் நீண்ட வாழ்வை நினைவுகூர்வதற்குத் தமிழில் நிலைபெற்ற ஒரு வடிவம் உண்டு. அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்பும், முதலாண்டு நினைவில் அச்சிடப்படும் மலரும் அவ்வடிவத்திற்குச் சான்றுகள். இறந்தவர் கணவருக்கு உற்ற துணைவியாக இருந்தார். பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்த்தார். பேரன் பேத்திகளைக் கண்டார். விசுவாசத்தைக் காத்துக்கொண்டார் என்று அது நடக்கும். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் குணசாலியான பெண்ணும், தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பெயர் சுட்டப்படும் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இவ்வடிவத்தின் முன்மாதிரிகள். பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் விசுவாசம் கைமாறுகிறது என்பதே அங்கு வரையப்படும் கோடு.

‘சங்கதி’யிலும் பாட்டி, தாய், பேத்தி என மூன்று தலைமுறைகள் உள்ளன. மூவரும் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த, பறையர் குலத்தில் பிறந்த உழைக்கும் பெண்கள். எனினும் இங்குப் பாட்டியிடமிருந்து பேத்திக்கு முதன்மையாகக் கைமாறுவது விசுவாசம் அன்று. பெண்களுக்கு நேர்ந்தவை பற்றிய சங்கதிகள். நூலின் தலைப்பே அதனைச் சொல்லிவிடுகிறது. இச்சங்கதிகளின் முதல் ஊற்று வெள்ளையம்மா. அவருடைய வாழ்க்கையை நினைவுமலரின் வடிவத்தில் எழுத முற்பட்டால், முதல் வரியிலேயே தடை நேரும். கணவருக்கு உற்ற துணைவியாக இருந்தார் என்று எழுத அவருக்குக் கணவர் உடன் இல்லை.

சங்கதியின் அமைப்பும் பாட்டியின் இடமும்

‘சங்கதி’ தனியொரு கதைத்தலைவியைப் பின்தொடர்ந்து செல்லும் புதினம் அன்று. ஓர் ஊரின் ஒரு தெருவில் வாழும் பல பெண்களின் நிகழ்வுகள் பேச்சின் போக்கில் அடுத்தடுத்துத் தொடுக்கப்படுகின்றன. 1992இல் வெளிவந்த ‘கருக்கு’ ஒரு தன்வரலாறு. ஒருவரின் காயங்களை உள்ளிருந்து பேசுவது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘சங்கதி’, அந்த ஒருமையைப் பன்மையாக்குகிறது. இரு நூல்களும் தென்தமிழ்நாட்டு உழைக்கும் மக்களின் பேச்சுமொழியையே எடுத்துரைப்பு மொழியாகக் கொண்டவை. பாத்திரங்களின் உரையாடலுக்கு மட்டும் வட்டார வழக்கைத் தந்து, ஆசிரியர் கூற்றுக்கு எழுத்துமொழியை ஒதுக்கும் பழைய முறையைப் பாமா கைவிட்டார். இதனால் கதைசொல்லிக்கும் பாட்டிக்கும் இடையே மொழித் தளத்தில் மேல்கீழ் இல்லாமல் போகிறது. படித்த பேத்தியும் எழுத்தறியாத பாட்டியும் ஒரே மொழியில் பேசுகின்றனர். இது வெறும் நடைத்தேர்வு அன்று. பாட்டியின் கூற்றைச் சான்றாக மேற்கோள் காட்டி, அதன்மேல் நின்று விளக்கம் சொல்லும் ஆராய்ச்சியாளரின் இடத்தை நூல் பேத்திக்குத் தர மறுக்கிறது என்று இதனைக் கொள்ளலாம்.

நூல் மூன்றாவதாகப் பிறக்கும் பெண் பற்றிய பழமொழியோடு தொடங்குகிறது. கதைசொல்லியே மூன்றாவது பிள்ளை. அப்பிறப்பை நிகழ்த்தித் தந்த கைகள் வெள்ளையம்மாவினுடையவை. தெருவில் யாருக்கு வலி எடுத்தாலும் எந்நேரத்திலும் அழைக்கப்படுபவர் அவர். சிக்கலான பேறுகளையும் கைப்பழக்கத்தால் பார்த்துவிடுபவர். அதற்குக் கூலி கேளாதவர். ஆகவே கதைசொல்லி பேசத் தொடங்குவதற்கு முன்பே பாட்டி நூலுக்குள் இருக்கிறார். பேத்தியின் உடலையும் பேத்தியின் கதைகளையும் உலகுக்குக் கொண்டுவந்தவர் ஒருவரே என்னும் இணைப்பு, எவ்வித வலியுறுத்தலும் இன்றி முதல் இயலிலேயே நிறுவப்படுகிறது.

அவருடைய பெயரும் கவனத்திற்குரியது. கிறித்தவர்களாகிய இத்தெருவினர் பலருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் ஒன்றும் தெருவில் வழங்கும் பெயர் மற்றொன்றுமாக உள்ளன. தீப்பெட்டித் தொழிலகத்திற்கு வேலைக்குச் செல்லும் சிறுமியை மைக்கண்ணி என்றே ஊர் அழைக்கிறது. கோயிலின் பதிவேட்டில் ஒரு பெண். தெருவின் நாவில் வேறொரு பெண். புனிதர்களின் பெயர் எதனையும் சாராத வெள்ளையம்மா என்னும் பெயரிலேயே பாட்டி நூல் முழுவதும் நடமாடுகிறார். அவர் வாழ்வின் முக்கியமான முடிவுகளும் கோயிலின் பதிவேட்டுக்கு வெளியே எடுக்கப்பட்டவை என்பது அடுத்துக் காணப்படும்.

மனைவி: கழற்றப்பட்ட தாலி

வெள்ளையம்மாவின் கணவர் கோவிந்தன். மணமாகிச் சில ஆண்டுகளில் கங்காணியோடு இலங்கைத் தோட்டத்திற்குச் சென்றவர் திரும்பவேயில்லை. இரண்டு பெண்குழந்தைகளோடு வெள்ளையம்மா எஞ்சினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துத் தென்மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டப்பட்ட கங்காணி முறையின் வரலாறு, பெரும்பாலும் சென்றவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சென்றவரின் பின்னே ஊரில் தங்கிய மனைவியரின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. ‘சங்கதி’ அதனைச் சில வரிகளில் சொல்லிக் கடக்கிறது. அச்சில வரிகளில் கடலும் தோட்டமும் இல்லை. காத்திருப்பும் பஞ்சமும் மட்டுமே உள்ளன.

கொடிய பஞ்சம் ஒன்று வந்தபோது, வெள்ளையம்மா தம் கழுத்துத் தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறிட்டார். அதன்பின் தாலியோ வேறு அணியோ அணியவில்லை. இந்நிகழ்வின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழ்ச் சமூகத்தில் தாலி கழற்றப்படுவதற்கு நிலைபெற்ற சடங்குச் சூழல் கணவனின் இறப்பு. அச்சடங்கைப் பிறர் நிகழ்த்துவர். மனைவி அதற்கு உட்படுவாள். வெள்ளையம்மாவிற்கு அத்தகைய சூழல் வாய்க்கவில்லை. கணவர் இறந்தார் என்ற செய்தி இல்லை. இருக்கிறார் என்ற செய்தியும் இல்லை. கைம்பெண் என்று ஊர் அவரை வரையறுக்கவும் இயலாது; சுமங்கலி என்று போற்றவும் இயலாது. இந்தப் பெயரற்ற நிலையிலிருந்து அவரை வெளிக்கொணர்ந்தது சடங்கு அன்று, பசி.

தாலியின் மதிப்பு இருவகைப்பட்டது. ஒன்று குறியீட்டு மதிப்பு. மற்றொன்று உலோகத்தின் மதிப்பு. பஞ்சம் வந்தபோது வெள்ளையம்மா இரண்டாவதைத் தேர்ந்தார். இதனைத் தாய்மையின் தியாகம் என்று மட்டும் விளக்குவது போதாது. தியாகம் எனில் இழந்ததைப் பின்னர் மீட்கும் விருப்பமோ, இழந்ததற்கான துயரோ தொடர வேண்டும். இங்கு அவர் மீண்டும் தாலி அணியவில்லை. நெருக்கடியில் எடுத்த முடிவை வாழ்நாள் முழுவதற்குமான முடிவாக அவர் உறுதிப்படுத்திக்கொண்டார். மணமுறிவு என்ற சொல்லை அறியாத ஒரு பெண், யாரிடமும் மனுக் கொடுக்காமல், எந்தச் சபையும் கூடாமல், தம் மணவாழ்வை முடித்துக்கொண்ட நிகழ்வாக இதனை வாசிக்க இடமுண்டு.

எனினும் இதனை விடுதலை என்று எளிதில் பெயரிட்டுவிடவும் முடியாது. கணவனற்ற தம்மை உயிரற்றவராகக் கருதிக்கொண்டே பிள்ளைகளுக்காகப் பாடுபட்டதாகவே நூல் சித்திரிக்கிறது. செயல் ஒரு திசையிலும், அச்செயலைப் பற்றிய தன்மதிப்பீடு வேறொரு திசையிலும் செல்கின்றன. பாட்டியின் பிற்காலப் பேச்சுக்கும் வாழ்வுக்கும் இடையே காணப்படும் இடைவெளியின் தொடக்கம் இங்கேயே உள்ளது.

தாய்: வளர்த்த கையும் கொடுத்த கையும்

தாலியை விற்றபின் வெள்ளையம்மாவின் வாழ்வு உழைப்பின் வாழ்வு. கோழி கூவுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, வீட்டு வேலை முடித்து, நெடுந்தொலைவு நடந்து நிலத்தில் பாடுபட்டு, இருட்டியபின் திரும்பிக் கஞ்சி காய்ச்சுவதே அன்றாடம். நிலவுடைமையாளர்களுக்கு ஆள் தேவைப்படும்போது தெருவில் பெண்களைத் திரட்டி அழைத்துச் செல்லும் கொத்தாளாகவும் அவர் இருந்தார். இப்பணி அவருக்கு ஓரளவு செல்வாக்கைத் தந்தது. அதே வேளையில் உடைமையாளருக்கும் கூலிப்பெண்களுக்கும் இடையே நின்று, இருபுறத்துப் பேச்சையும் கேட்க வேண்டிய இடத்திலும் அவரை நிறுத்தியது. ஆண்டைமார் வீட்டு ஆண்கள் எப்படிப்பட்டவர்கள், எதற்கு என்ன விலை, எந்தச் சொல்லுக்கு என்ன பின்விளைவு என்பன அவருக்கு இப்பணியின் வழியே தெரிந்தவை எனக் கருதலாம். பின்னாளில் பேத்திக்குத் தரும் அறிவுரையின் வேர் இவ்வறிவில் உள்ளது.

இவ்வாறு தனியாக வளர்த்த இரு பெண்களையும் வெள்ளையம்மா மணம்செய்து கொடுத்தார். மூத்தவர் கணவனின் அடியால் இறந்தார். கதைசொல்லிக்கு அவர் பெரியம்மா. அவ்விறப்பைப் பாட்டி மழுப்புவதில்லை. நோயின்மேலோ விதியின்மேலோ பழிபோடாமல், அடித்தே கொன்றான் என்று நேராகச் சொல்கிறார். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த வழக்குத்தொடரைத் தமக்கே பொருத்திக்கொள்கிறார். அத்தொடரில் மூன்று இடங்கள் உள்ளன: கிளி, பூனை, கொடுத்தவர். பொதுவழக்கில் கவனம் கிளியின்மேலும் பூனையின்மேலும் செல்லும். பாட்டியின் வாயில் அத்தொடரின் முழுச் சுமையும் கொடுத்தவரின்மேல் விழுகிறது. பெற்ற வயிறு இன்னும் எரிகிறது என்ற பொருள்பட அவர் புலம்புவது இழப்பின் துயரம் மட்டும் அன்று. உடந்தையாயிருந்த குற்றவுணர்வும் ஆகும்.

ஆயின் ஒரு வினா எழுகிறது. கணவனின்றி இரு பிள்ளைகளை வளர்க்கக் கூடும் என்று தம் வாழ்வால் மெய்ப்பித்த தாய், அடிபட்ட மகளை ஏன் மீட்டுக் கொண்டுவரவில்லை? நூல் இவ்வினாவை வெளிப்படையாக எழுப்புவதில்லை. ஆனால் இதற்குரிய விடையின் கூறுகளை நூலிலிருந்தே திரட்டலாம். வெள்ளையம்மா கணவனை விட்டு வந்தவர் அல்லர்; கணவனால் விடப்பட்டவர். விடப்பட்ட பெண்ணுக்கு ஊர் இரக்கம் காட்டும். விட்டு வந்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. அவர் வாழ்ந்து காட்டியது ஆண் இல்லாத வாழ்வை. மகளுக்குத் தேவைப்பட்டதோ ஆணிடமிருந்து வெளியேறும் வழியை. இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னதற்கு வலிமை போதும். பின்னதற்கு ஊரும் சபையும் இடம்தர வேண்டும்.

பாட்டி: பேச்சு ஒன்று, வாழ்வு ஒன்று

பாட்டியாக வெள்ளையம்மா பேரன்களுக்கும் பேத்திகளுக்கும் இடையே வேறுபாடு காட்டுபவர். வேலையிலிருந்து திரும்பும்போது கொண்டுவரும் தின்பண்டத்திற்கு முதலில் அழைக்கப்படுபவர் பேரன்களே. மாம்பழம் கொண்டுவந்தால் நல்ல துண்டுகள் அவர்களுக்கு. தோலும் கொட்டையும் பேத்திகளுக்கு. கதைசொல்லி இதனை மறைக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பாட்டியைத் தொல்குடிப் பேரறிவின் உருவாகவோ, ஒடுக்கப்பட்டோரின் மாசற்ற குரலாகவோ உயர்த்திவிடும் வாசிப்புகளுக்கு இம்மாம்பழத் தோல் ஒரு தடை. பாகுபாட்டினால் மகளை இழந்தவரே பாகுபாட்டை நாள்தோறும் பகிர்ந்தளிப்பவராகவும் இருக்கிறார்.

நூலின் முற்பகுதியில் இடம்பெறும் பஞ்சாயத்து நிகழ்ச்சி இம்முரணைக் கூர்மையாக்குகிறது. இறந்த பெரியம்மாவின் மகள் விறகு சேகரிக்கச் சென்றவிடத்தில் தண்ணீர் குடிக்கப் போகிறார். நிலவுடைமையாளர் ஒருவர் அவரைத் தொட முற்படுகிறார். தப்பி ஓடிவந்த பெண், தோழியரின் அறிவுரைப்படி வாய்திறவாதிருக்கிறார். உடைமையாளர் முந்திக்கொண்டு, அப்பெண்ணும் அதே தெருவைச் சேர்ந்த இளைஞன் ஒருவனும் முறைதவறி நடந்ததாகச் சாதித் தலைவரிடம் குற்றம் சாட்டுகிறார். கூடிய கூட்டத்தில் பெண்களுக்குப் பேச இடமில்லை. உண்மை தெரிந்தும் ஆண்டையைப் பகைத்துக்கொள்ள ஆண்கள் அஞ்சுகின்றனர். அப்பெண் அடிபடுகிறார், தண்டமும் விதிக்கப்படுகிறது. பின்னாளில் எந்த இளைஞனோடு இணைத்துப் பழிக்கப்பட்டாரோ அவனுக்கே மணமுடிக்கப்பட்டு, அவனிடமும் அடிபடுகிறார்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் கதைசொல்லி பாட்டியிடம் பொருமுகிறார். ஆண்கள் சொல்வதே சரியென்று முன்னோர் காலந்தொட்டு நடந்துவருகிறது. நாலெழுத்துப் படித்துவிட்டதால் உலகம் மாறிவிடும் என்று கனவு காணாதே என்பது பாட்டியின் விடையின் சாரம். இவ்விடையே அவரை அடங்கிப்போன தலைமுறையின் பேராளாகக் காட்டப் போதுமான சான்று போலத் தோன்றும். ஆனால் அவர் கூற்றை இரு வேறு வகைகளில் கேட்கலாம். ஒன்று, ஆண்கள் சொல்வது சரி என்னும் நம்பிக்கை. மற்றொன்று, ஆண்கள் சொல்வதே சரியென்று கொள்ளப்படும் என்னும் பட்டறிவு. முன்னது மதிப்பீடு, பின்னது செய்தி. மகளை அடித்துக் கொன்றவனைக் கொன்றவன் என்றே அழைக்கும் ஒருவர், ஆண் செய்வதெல்லாம் சரி என்று நம்புபவராக இருத்தல் இயலாது. அவர் சொல்வது செய்தி. எதிர்த்தால் என்ன நேரும் என்பதன் விலைப்பட்டியலை அவர் பேத்தியின்முன் வைக்கிறார்.

அஞ்சி அடங்கச் சொல்லும் அதே வாய்தான், அடங்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்கிறது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. பெரியம்மா அடங்கியிருந்தார், இறந்தார். அவர் மகள் வாய்திறவாதிருந்தார், தண்டிக்கப்பட்டார். பாட்டியின் அறிவுரையைப் பொய்யாக்கும் சான்றுகள் பாட்டியின் கதைகளிலேயே உள்ளன. பேத்தியின் எதிர்ப்பு வெளியூர்ப் படிப்பிலிருந்து மட்டும் பிறந்ததாயின், அது பாட்டியை மறுத்தே எழ வேண்டும். ‘சங்கதி’யில் அவ்வாறு நிகழவில்லை. பேத்தி பாட்டியின் முடிவுரையை மறுக்கிறார். அம்முடிவுரைக்கு ஆதாரமான கதைகளை அப்படியே ஏற்கிறார். படிப்பு பேத்திக்குத் தந்தது கதைகளை அன்று. கதைகளிலிருந்து வேறு முடிவுக்கு வரும் துணிவை.

சபையும் சட்டமும்: மூடப்பட்ட வழி

வெள்ளையம்மாவின் பெண்கள் சிறுவராயிருந்த காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார்கள் ஊருக்கு வந்து, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தருவதாகச் சொன்னதால் பறையர்கள் கிறித்தவர்களாயினர் என்று நூல் கூறுகிறது. பள்ளரும் சக்கிலியரும் இந்துக்களாகவே இருந்தனர். மாறியவர்களுக்கு அரசின் சலுகைகள் இல்லாமற்போயின என்ற கசப்பையும் கதைசொல்லி பதிவுசெய்கிறார். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் அத்தகுதியை வழங்கியது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது, கிறித்தவருக்கு விரிவுபடுத்தப்படவில்லை. இந்த இழப்பு தலித் கிறித்தவ ஆய்வுகளில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. மதமாற்றத்தால் பெண்களுக்கு மட்டும் நேர்ந்த மற்றோர் இழப்பையும் ‘சங்கதி’ சுட்டுகிறது. அதுவே இக்கட்டுரைக்கு முதன்மையானது.

சக்கிலியர் பெண் ஒருவர், ஒத்துவராத கணவனை விட்டு விலகி வேறு மணம் செய்துகொள்வதைக் கதைசொல்லி எடுத்துக்காட்டுகிறார். அத்தகைய வழி தம் தெருப் பெண்களுக்கு இல்லை. கிறித்தவர்களாகிவிட்டதால் எத்தகைய கணவனோடும் வாழ்ந்தே தீர வேண்டியுள்ளது என்று ஒப்பிட்டு நோக்குகிறார். சாதிப் படிநிலையில் தமக்கும் கீழாக வைக்கப்பட்ட பெண்ணின் வாழ்வில் தமக்கு இல்லாத உரிமை ஒன்றைக் காண்பது, சாதிப் பெருமிதத்தின்மேலும் மதப் பெருமிதத்தின்மேலும் ஒருசேர விழும் அடி.

இவ்வொப்பீட்டின் சட்டப் பின்புலம் தெளிவானது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், அதற்குப் பதிலாக வந்த 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும், முறைப்படி நடந்து நிறைவுற்ற திருமணத்தை இறப்பன்றி வேறெந்த மனித ஆற்றலாலும் முறிக்க இயலாது என்கின்றன. கொடுமைக்குள்ளாகும் துணைவர் பிரிந்து வாழ அத்தொகுப்பு இடமளிக்கிறது, ஆயினும் மணக்கட்டு நீடிக்கும், மறுமணம் இல்லை. நாட்டுச் சட்டமும் நீண்டகாலம் இதனின்று பெரிதும் வேறுபடவில்லை. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டத்தின்கீழ்க் கிறித்தவக் கணவன், மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றையே காட்டி மணமுறிவு கோரலாம். மனைவியோ கணவனின் பிறர்மனை உறவோடு கொடுமையையோ இரண்டாண்டுக்குக் குறையாத கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை மட்டுமோ கைவிடல் மட்டுமோ மணமுறிவுக்குப் போதிய காரணங்கள் அல்ல. நீதிமன்றப் பிரிவினைக்கே அவை உதவும். 2001ஆம் ஆண்டுத் திருத்தமே இந்நிலையை மாற்றியது. ‘சங்கதி’ வெளிவந்த 1994இல் பழைய விதியே நடைமுறையில் இருந்தது.

கூலிவேலை செய்யும் இப்பெண்கள் மாவட்ட நீதிமன்றத்தை அணுகியிருப்பார்களா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் சட்டம் நீதிமன்றத்தில் மட்டும் இயங்குவதில்லை. எது நடக்கக்கூடியது, எது நினைத்துப்பார்க்கவும் கூடாதது என்ற எல்லையை அது தெருவரை வந்து வரைகிறது. சாதிப் பஞ்சாயத்தும் பங்குக் கோயிலும் அவ்வெல்லையைக் காக்கின்றன. பெரியம்மாவின் இறப்பும் அவர் மகளின் துயரமும் தனிப்பட்ட ஆண்களின் கொடுமையால் மட்டும் விளைந்தவை அல்ல. வெளியேறும் வழி மூடப்பட்டிருந்ததாலும் விளைந்தவை.

இப்பின்புலத்தில் வெள்ளையம்மாவின் தாலி புதிய பொருள் பெறுகிறது. அவருடைய மணம் ஊர்வழக்கில் நடந்தது. மதமாற்றம் பிள்ளைகள் பிறந்த பின்னர் வந்தது. தாலியைக் கழற்றியது சபையின் ஆட்சிக்கு முன்னரா பின்னரா என்பதற்கு நூல் ஆண்டுக்கணக்கு எதனையும் தருவதில்லை. எவ்வாறாயினும் அம்முடிவில் சாமியாருக்குப் பங்கில்லை. பாட்டியின் கையில் இருந்த அந்த முடிவு, கிறித்தவர்களாகவே வளர்ந்து மணமான மகளின் கையிலும் பேத்தியின் கையிலும் இல்லை. தலைமுறைதோறும் பெண்ணின் உரிமை கூடிவருகிறது என்னும் பொதுநம்பிக்கையை இது தலைகீழாக்குகிறது. பள்ளியைத் தந்த அதே சபை, வாசலையும் அடைத்தது. கல்வியின் பயனைப் பெற்றவர் கதைசொல்லி. அடைபட்ட வாசலின் பயனைப் பெற்றவர் அவர் பெரியம்மாவின் மகள். இருவரும் ஒரே பாட்டியின் பேத்திகள்.

கருக்கின் பாட்டிகளும் சங்கதியின் பாட்டியும்

‘கருக்கு’ நூலிலும் பாட்டிகள் உள்ளனர். நாயக்கர் வீடுகளில் வேலை செய்து, அவர்கள் தரும் எஞ்சிய சோற்றைப் பெற்றுவரும் பாட்டியைக் கண்டு சிறுமி கொள்ளும் சினம் அந்நூலின் மறக்கவியலாத பகுதிகளுள் ஒன்று. தீண்டாமையை இயல்பென ஏற்றுக்கொண்டவராக அப்பாட்டி அங்குக் காட்சியளிக்கிறார். சிறுமியின் கண்ணால் பார்க்கப்படுகிறாரேயன்றி, தம் வாழ்வைத் தாம் நின்று பேசும் வாய்ப்பு அவருக்குக் குறைவு. ‘சங்கதி’யில் பாட்டி பேசுகிறார். சாதியின்முன் குனிந்துநிற்கும் முதுகு மட்டுமே ‘கருக்’கில் தெரிந்தது. அம்முதுகுக்குரியவர் எதைச் சுமந்தார், எதைக் கழற்றி எறிந்தார், எதற்காக இன்னும் எரிகிறார் என்பவை ‘சங்கதி’யில் தெரிகின்றன. இரு நூல்களுக்கும் இடையில் மாறியது பாட்டி அல்லர், பேத்தியின் செவி.

இம்மாற்றம் ஆய்வாளர்க்கும் ஒரு முறையியல் குறிப்பைத் தருகிறது. முதிய பெண் பாத்திரங்களை, அவர்கள் வெளிப்படுத்தும் கருத்துகளைக் கொண்டு மட்டும் மரபுசார்ந்தவர், எதிர்ப்பாளர் என்று வகைப்படுத்தும் போக்கு பெண்ணிய ஆய்வேடுகளில் எளிதில் நேர்வது. கருத்து என்பது ஒருவர் வாழ்வின் ஒரு பகுதி மட்டுமே. எழுத்தறியாத உழைக்கும் பெண்ணின் சிந்தனை, அவர் சொல்லும் கோட்பாட்டைக் காட்டிலும் அவர் எடுத்த முடிவுகளிலும், அவர் திரும்பத் திரும்பச் சொல்லத் தேர்ந்துகொண்ட கதைகளிலும் படிந்திருக்கக்கூடும். மறக்க விரும்பும் ஒருவர் பெரியம்மாவின் கதையைப் பேத்தியிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

முடிவுரை

மனைவியாக வெள்ளையம்மா கைவிடப்பட்டார். ஆனால் கைவிடப்பட்ட நிலையிலேயே நின்றுவிடாமல் தாலியைக் கழற்றி அம்மணத்தைத் தாமே முடித்தார். தாயாக இரு மகள்களைத் தனித்து வளர்த்தார். மூத்த மகளைக் கொலைக்குக் கொடுத்த குற்றவுணர்வைச் சுமந்தார். பாட்டியாகப் பேத்திகளுக்கு அடக்கத்தைப் போதித்தார். அதே மூச்சில் அடக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கும் கதைகளையும் தந்தார். இம்மூன்று நிலைகளையும் ஒன்றாக வைத்து நோக்கும்போது, பழமையின் குரல், புதுமையின் குரல் என்னும் எளிய எதிர்நிலை நிற்பதில்லை.

அதே வேளையில் அவரை மறைமுகப் பெண்ணியவாதியாக மாற்றிவிடுவதும் பிழையே. மாம்பழத் தோலைப் பேத்திகளுக்குத் தந்தவரும் அவரே. தம் வாழ்வு நிறுவிய உண்மையைத் தம் மகளுக்கு அவரால் வழங்க இயலவில்லை. அதற்கு அவருடைய மனத்தடை மட்டும் காரணம் அன்று. சாதியும் சபையும் சட்டமும் அவ்வுண்மைக்கு வழிவிடவில்லை.

நினைவுமலரின் வடிவத்தில் இவ்வாழ்வை எழுத இயலாது என்று தொடக்கத்தில் கூறப்பட்டது. அவ்வடிவம் ஒரு பெண்ணின் நீண்ட வாழ்வை நிறைவு என்று வாசிக்கிறது. ‘சங்கதி’ அதனைச் சாட்சியம் என்று வாசிக்கிறது. லோவிசாளின் பேரன் பாட்டியின் விசுவாசத்தைப் பெற்றதற்காக நினைக்கப்படுகிறான். வெள்ளையம்மாவின் பேத்தி, பாட்டி சொன்னதை நம்ப மறுத்து, பாட்டி சொன்னவற்றை மறவாதிருந்ததால் இந்நூல் உருவானது.